ஞாயிற்றுக்கிழமை வெந்நீர்

பாகீரதியின் முன்பல் ஒன்று பாதியாய் இருந்ததற்குக் காரணம் ஒரு மலைப்பாம்பு என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பாம்பு பாவம், அவளை ஒருநாளும் கடித்ததில்லை. கூண்டு நாறுகிறதென்று ஓங்கி அறைந்து பல்லை உடைத்தவன் கட்டின புருஷன் மஹாதேவன். அவனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது, ‘அவன்’ என்றே சொல்லலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து வாக்கில் ஹவுராவில் ஓர் இரும்புப் பட்டறையில் அவன் பெரிய குமாஸ்தா. சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவர் தாம் வளர்த்த பாம்பை அவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். துரை கொடுத்ததாயிற்றே! பாலிகஞ்ச் வீட்டின் பின்முற்றத்தில் கம்பிவலைக் கூண்டில் அதை வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டான். எச்சம் அள்ளுவது மட்டும் பாகீரதி.

“பாம்புக்கு ஏதாவது ஆச்சு, உன் முதுகுத் தோல உரிச்சுடுவேன்” என்று சொல்லிவைத்திருந்தான். சொன்னால் செய்கிற ஆள்தான். அவள் முதுகைப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே பயந்து பயந்து அவள் அந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். ஞாயிறு காலை பாம்பை வால் பக்கமிருந்து மெல்லப் பிரித்தெடுத்து, மூடிபோட்ட பிரம்புக்கூடையில் விடுவாள். எச்சத்தையும் உரித்த சட்டையையும் வழித்தெறிந்து, சவுக்காரம் போட்டுத் தேய்த்து, கரியடுப்பில் தளதளவென்று கொதித்த வெந்நீரை மூலைமுடுக்கெல்லாம் ஊற்றுவாள். வெயிலில் ஈரம் சுத்தமாய்க் காய்ந்த பிறகுதான் பாம்பு உள்ளே போகும். அந்த வாளியும் துடைப்பமும் சமையலறைப் பக்கமே வரக்கூடாது. தலைக்குக் குளித்து மடி உடுத்திய பிறகுதான் அரிசியைத் தொடுவாள்.

அந்த வருஷம் ஊரெல்லாம் பிளேக் பீதி, தெருவெல்லாம் பினாயில் வாடை. ஒரு ஞாயிறு பட்டறைக்குப் புதிதாய் வந்த துரை பாம்பைப் பார்க்க வருவதாக இருந்தது. வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே மஹாதேவன் பினாயில் புட்டியோடு வந்து நின்றான்.

“ஏன்னா, வேண்டாம்னா! வாசல்ல தெளிச்ச அன்னிக்கே அந்த நெடி தாங்காம வலைல முட்டிண்டு துடிச்சுது. சித்த பொறுங்கோ, அத வெளில எடுத்துடறேன். ஊத்தினாலும் நன்னா அலம்பிக் காயவிடணும்.”

“போடி, நேக்குச் சொல்ல வந்துட்டா!” அவளை நெட்டித் தள்ளிவிட்டுக் கூண்டைத் திறந்து, பாம்பின் மேலேயே புட்டியைக் கவிழ்த்தான்.

அம்மாடி! அது துடித்த துடிப்பில் கூண்டே குலுங்கியது. ஒரே பாய்ச்சலில் அவன் முன்கையைக் கவ்வி, தோள்வரை சுற்றி இறுக்கிவிட்டது. ரத்தம் தரையெல்லாம் கொட்டியது, விரல்கள் நீலம் பாரித்தன.

“ஐயோ, பாகீ! கொல்லுடி அத!”

அவள் கொல்லவில்லை. பச்சைத் தண்ணீரை அதன் வாயில் விட்டு, வாரா வாரம் செய்வது போல வாலைப் பிடித்துச் சுற்றுச்சுற்றாய்ப் பிரித்தாள். பிடி விட்டது.

கை விடுபட்டதும் அந்தப் புண்ணியவான் என்ன செய்தான் தெரியுமா? கரி உடைக்கும் சுத்தியலை எடுத்துப் பாம்பின் தலையில் போட்டான். தலை கூழான பிறகும் ஆத்திரம் அடங்காமல் அடித்தான். பாகீரதி வாய்விட்டு அழுதாள். அந்த வீட்டில் அவளுக்குத் தீங்கு நினைக்காத உயிர் அது ஒன்றுதான்.

“துரைக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்? எல்லாம் உன்னாலதாண்டி, மூதேவி!” ரத்தம் சொட்டும் சுத்தியலை ஓங்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

அவள் ஓடவில்லை. கந்தைத்துணியால் பித்தளை வெந்நீர்ப் பானையைப் பிடித்துத் தூக்கினாள்.

“தோல உரிக்கறேன்னேளே, இந்தாங்கோ!”

அவன் முழங்காலுக்குக் கீழே பானையோடு கொட்டினாள். அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு வங்காளிகள் ஓடிவந்தார்கள். பாம்பு பிடித்து இழுத்ததில் வெந்நீர் கவிழ்ந்துவிட்டதென்று எல்லோரிடமும் அவனே சொன்னான். சாகும்வரை காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடந்தான்.

கூண்டை அவள் கடைசியாக ஒருமுறை சுத்தமாய் அலம்பிக் காயவைத்து, பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டாள். பிறகு வீட்டில் பாம்பும் இல்லை, கூண்டும் இல்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் பாகீரதி பின்முற்றத்தில் கரியடுப்பை மூட்டி, அதே பானை நிறைய வெந்நீரைக் கொதிக்கவிட்டாள். எதற்கென்று மஹாதேவன் ஒருநாளும் கேட்கவில்லை.