மலையை விட்டு இறங்கச் சொன்ன காலை

எங்கள் ஆட்களுக்கு மலை என்றால் யூலை மாதம்தான். மெல்பேர்னில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் குளிர்காலத்தில் ஒரு நாள் அங்கே போகும். வாடகைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பனியில் விழுந்தெழும்பும், கார் நிறுத்துமிடத்திலேயே புளிச்சாதமோ புரியாணியோ சாப்பிடும், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். பனி கரைந்த பிறகு அந்த மலைகள் என்ன செய்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

மெல்பேர்ன் புறநகரான டண்டினொங்கில் நான் வேலை செய்யும் கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டும் வெள்ளைக்காரக் கிழவருக்கு இது தீராத மனக்குறை. இந்த நாட்டிலும் ஆல்ப்ஸ் என்று ஒரு மலைத்தொடர் இருப்பது இந்த நாட்டுக்காரருக்கே தெரியாது, சுவிற்சர்லாந்துக்குப் பறக்கிறார்கள் என்று தேநீர் நேரமெல்லாம் புலம்புவார். அவருடைய புலம்பல் தாங்காமல்தான் போன கோடையில் ஒரு சனி ஞாயிறு நாங்கள் இரண்டு பேர் அவருடைய பழைய ஜீப்பில் ஏறினோம். மற்றவன் என் கூட்டாளி. அவனும் கிடங்கில்தான், லொறிகளில் சாமான் ஏற்றும் பக்கம். யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரன். வாய் ஓயாது.

நான் முஸ்லிம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவன் "நீங்கள் எவ்விடம்?" என்று கேட்டான். "புத்தளம்" என்றேன். பொய்யென்றும் சொல்ல முடியாது. வளர்ந்தது புத்தளத்தில், அகதி முகாமில். ஆனால் பிறந்தது யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெரு. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, துப்பாக்கியோடு வந்த தமிழ் இயக்கத்துப் பெடியன்கள் எங்கள் முஸ்லிம் ஆட்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். போனோம்.

இதை யாழ்ப்பாணத்து ஆட்களிடம் சொன்னால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒன்று, முகம் கறுத்து வாய் மூடிவிடுவார்கள், அடுத்த நாளிலிருந்து சலாம்கூட வெறும் மரியாதைக்குத்தான் வரும். அல்லது, ஏன் அப்படி நடந்தது என்று எனக்கே அரசியல் வகுப்பு எடுப்பார்கள். அப்படி ஒரு வகுப்பில் சிட்னியில் நல்ல சிநேகிதன் ஒருவனைக் கெட்ட வார்த்தையால் ஏசிவிட்டு எழுந்து வந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இவனையும் அப்படி இழக்க நான் தயாரில்லை. சோறு பகிர்ந்து சாப்பிடுகிறவன், என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் என் ஷிப்ட்டைச் சேர்த்துப் பார்க்கிறவன். அதனால் புத்தளம் புத்தளமாகவே இருந்தது.

மலை, கிழவர் சொன்னதைவிட அழகாக இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. மண் பாதை முடியும் இடத்தில், பழைய காலத்து மாட்டுக்காரர் கட்டிய மரக்குடில் ஒன்று. அதன் பக்கத்தில் எங்கள் கூடாரங்கள். வளைந்து முறுகிய வெள்ளை மரங்கள், புல்வெளி நிறையச் சின்னச் சின்னப் பூக்கள். ஒரு மனிதக் குஞ்சு இல்லை.

பின்னேரம் கிழவர் எங்களை ஒரு பாறை முகட்டுக்குக் கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் நடக்க மாட்டின் முதுகு அளவுதான் இடம். கிழவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து போனார். நான் கலிமாவைச் சொல்லிக்கொண்டு போனேன். கூட்டாளி நாலு காலில் தவழ்ந்தான்.

"என்னடாப்பா, உங்கட கோண்டாவில்ல மலை ஒண்டும் இல்லையோ?" என்றேன்.

"யாழ்ப்பாணத்தில ஏதடா மலை? ஏறி விழ ஒரு மேடு கிடையாது. சிரிக்காத, விசரா, கையைப் பிடி!"

பிடித்தேன். அவன் உள்ளங்கை ஐஸ் மாதிரி இருந்தது. அப்புறம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் எவரெஸ்ட்டில் ஏறியவன் போலப் படம் எடுக்கச் சொன்னான்.

இரவுச் சாப்பாட்டுக்கு அவன் வீட்டிலிருந்தே கோழிக்கறி காய்ச்சிக் கொண்டுவந்திருந்தான். எனக்காக ஹலால் கடை தேடிப்போய் வாங்கிய கோழி. சாப்பிட்டுக்கொண்டே வழக்கம்போல யாழ்ப்பாணத்தைத் தொடங்கினான்.

"ஐஞ்சுசந்தியடியில ஒரு கடை இருக்கு மச்சான், உங்கட ஆக்களின்ர கடை. கொத்துரொட்டி எண்டால் அதுதான். நீ ஒருக்கா வா, நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

ஐந்து சந்தி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். எனக்கு என் தெருவைக் காட்டப்போகிறானாம்! "ஓம், பாப்பம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவ எழுந்துவிட்டேன்.

ஞாயிறு விடிகாலை சுபஹுத் தொழுகைக்கு ஓடைத் தண்ணீரில் கைகால் கழுவி வுளு எடுத்தபோதே காற்றில் ஏதோ கருகிய மணம். விடிந்து வெயில் ஏறியபோது வானம் மஞ்சளாக இருந்தது. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில் பூங்கா அலுவலகத்து வண்டி ஒன்று வேகமாக வந்து நின்றது. இளம் பெண் ஒருத்தி இறங்கினாள். அடுத்த பள்ளத்தாக்கில் மின்னல் விழுந்து காட்டுத்தீ, காற்று இந்தப் பக்கம் திரும்புகிறது, பாதையை மூடப்போகிறோம் என்றாள்.

"கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள்."

பாவம், அவள் எங்கள் உயிரைக் காப்பாற்ற வந்தவள். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதே வசனத்தை நான் ஒலிபெருக்கியில் தமிழில் கேட்டிருக்கிறேன். கிழவர் ஜீப்பைக் கிளப்ப ஓடினார். கூட்டாளி கூடாரத்துப் பக்கம் ஓடினான். நான் இருந்த மரக்குற்றியிலேயே இருந்தேன். எழும்ப முடியவில்லை. பயமா என்று கேட்டால், இல்லை. அப்படியொரு கோபம்.

கூட்டாளி திரும்பி வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். "டேய், எழும்படா! என்ன செய்யுது?"

"எழும்ப மாட்டன். நீங்க போங்க."

"விசர்க்கதை கதையாத! நெருப்பு வருதடா!"

"ஒருக்கா எழும்பினது காணும்!" என்று கத்தினேன். "எழும்பு எண்டாங்கள், எழும்பினம். போ எண்டாங்கள், போனம். உம்மா அடுப்பில இருந்த கறியை அப்பிடியே விட்டுட்டு வந்தவ. தங்கச்சியின்ர காதுத் தோட்டையும் வழியில வச்சுக் கழட்டினாங்கள். இனி ஒருத்தனும் என்னைப் போ எண்டு சொல்ல ஏலாது!"

அவன் கை என் தோளிலேயே நின்றது. "எவ்விடத்தில?" என்று மெதுவாகக் கேட்டான்.

"சோனகத் தெரு."

சொல்லிவிட்டேன். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. இரண்டில் எது வரப்போகிறது என்று காத்திருந்தேன். வாயை மூடப்போகிறானா, வகுப்பெடுக்கப்போகிறானா?

தோளிலிருந்து கையை எடுத்தான். காலடிச் சத்தம் விலகிப்போனது. வண்டிக்குப் போகிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு கிழவர் ஹோர்ன் அடிக்கும் சத்தமும், கெட்ட வார்த்தையில் கத்தும் சத்தமும் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். கூட்டாளி என் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணிப் பையில் போட்டான். கொடியில் கிடந்த ஈரத் துவாயை எடுத்தான். தொழுகைப் பாயைத் தூசி தட்டி மடித்தான். நான் பாதி குடித்துவிட்டு வைத்த தேநீர்க் கோப்பையைக்கூட விடவில்லை. அந்தப் பெண் ஓடிவந்து "விட்டுவிட்டு வா!" என்று கத்தினாள். அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

"இப்ப வா மச்சான்," என்றான்.

எழும்பினேன்.

ஜீப் பள்ளத்தில் குதித்துக் குதித்து இறங்கியது. பின் இருக்கையில் என் பக்கத்தில், என் மூட்டை முழுவதையும் மடியில் வைத்துக்கொண்டு அவன் இருந்தான்.

"உன்ர சாமான் ஒண்டும் விடேல்லை," என்றான். "வேணுமெண்டால் பார்."

பார்த்தேன். எல்லாம் இருந்தது. கீழே அவன் கால்களைப் பார்த்தேன். வெறும் காலுறை, சப்பாத்து இல்லை. திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தூரத்தில், புகைக்குள், குடிலுக்குப் பக்கத்தில் அவனுடைய நீலக் கூடாரம் அப்படியே நின்றது.

"டேய், உன்ர டென்ற்?"

"கிடக்கட்டும்."

"சப்பாத்து? ஃபோன்?"

"எல்லாம் அதுக்குள்ளதான். கிடக்கட்டும் விடு," என்றான். "ரெண்டு பேரின்ர சாமானையும் எடுக்க நேரம் காணாது."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் எனக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் மேடையில் ஏறி மன்னிப்பும் கேட்டிருக்கிறார்கள். என் சாமானை யாரும் எடுத்துத் தந்ததில்லை. அவன் தோளில் முகத்தை வைத்து, வெட்கம் கெட்டு, வாய்விட்டு அழுதேன். அவனும் அழுதான். முன்னால் இருந்த கிழவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, புகை கண்ணைக் கரிக்கிறது என்று நினைத்து, ஜன்னலை ஏற்றினார்.