சுடாத பூக்குழி

போன வாரம் மலேசியாவின் கிள்ளானில் ஓர் அம்மன் கோயிலில் தீமிதி. என் நண்பர் செல்வமும் இறங்கினார். லோரி ஓட்டுபவர். பல வருடமாக நீரிழிவு. பேருக்கு மாத்திரை, வேளைக்கு ஒரு தே தாரேக், அதுவும் இனிப்புத் தூக்கலான பால் டீ. சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

பூக்குழியை விட்டு ஏறி வந்தவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"அண்ணே, கொஞ்சங்கூட சுடல. மெத்தை மேல நடந்த மாதிரி இருந்துச்சு. போன வருஷமும் இப்படித்தான். ஆத்தா என்கூடவே இருக்கா லா."

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கும் கண் கலங்கியது.

சில நாள் கழித்து அவர் மனைவி லெட்சுமி போன் செய்தார்.

"அண்ணே, வீட்டுல ஏதோ நாத்தம்னு தேடுனேன். அவரு கால்லேருந்து வருது. வலியே இல்லையாம். நீங்க கூப்பிட்டாதான் ஆஸ்பத்திரிக்கு வருவாரு."

கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான். உள்ளங்காலில் வெந்திருந்த புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு மெல்லிய நைலான் இழையைக் கையில் எடுத்தார்.

"கண்ண மூடிக்குங்க அங்கிள். தொட்டா சொல்லுங்க."

செல்வம் கண்ணை மூடிக் காத்திருந்தார். டாக்டர் பாதம் முழுக்கத் தொட்டுப் பார்த்தார்.

"ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார் செல்வம்.

சர்க்கரை நரம்பைத் தின்றிருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டுமாம். இனி வீட்டுக்குள்ளும் செருப்பு. தீமிதியை நினைத்தே பார்க்கக் கூடாது.

விரலுக்கு அவர் கலங்கவில்லை. "எடுத்துக்குங்க" என்றார். பிறகு தன் காலையே பார்த்தபடி கேட்டார்.

"போன வருஷமும் சுடல டாக்டர். அப்ப... அதுவும் இதானா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கண் போகும், சிறுநீரகம் போகும் என்று கிளினிக் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். கூடவே வந்த சாமியும் போகும் என்று எந்தப் போஸ்டரில் இருக்கிறது? காலமெல்லாம் தனியாக லோரி ஓட்டிய மனிதர். வழித்துணை என்று நம்பியது அந்த ஆத்தா ஒருத்தியைத்தான். விரலை எடுத்த இடத்தில் கட்டுப் போடலாம்... இதற்கு என்ன செய்வது?



எனக்கும் சர்க்கரைதான். வீட்டுக்கு வந்ததும் மொட்டை வெயிலில், வாசல் சிமெண்டில் வெறுங்காலோடு நின்று பார்த்தேன். சுட்டது. நன்றாகவே சுட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

செல்வத்திடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.