ஜாம் போத்தல் திருநீறு

எழுபதுகளின் நடுவில் ரொறன்ரோவில் எனக்குத் தமிழ் கேட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். வெக்ஸ்போர்ட்டில் ஏழாம் மாடியில் ஒரு அப்பார்ட்மென்ற். அங்கே இருந்த யாழ்ப்பாணத் தம்பதிக்கு என்னைவிடச் சில வயது கூட. அக்கா, அண்ணை என்று கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர்கள் வீட்டில் பூசை. எங்களுக்கென்று கோயில் இல்லாத காலம். அலுமாரியின் ஒரு தட்டுத்தான் சந்நிதி. கர்ப்பூரப் புகை வெளி நடைக்குப் போனால் கட்டடக்காரன் கதவைத் தட்டுவான் என்று கொட்டும் பனியிலும் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். காற்று வந்து சுடரை அணைக்கும். மறுபடி கொளுத்துவார்கள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பள்ளிக்கூடம் முடிவதற்குள்ளேயே அது போய்விட்டது. அதற்குப் பெரிய கதை ஒன்றுமில்லை. நான் போனது சோற்றுக்கும் பேச்சுக்கும். அதை யாரிடமும் ஒளித்ததில்லை. தேங்காய் உடைப்பது என் வேலை. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வராதபடி பல்கனியில் அதைத் துவாயால் சுற்றிச் சுத்தியலால் ஒரு போடு போடுவேன். நம்பாதவன் போட்டாலும் தேங்காய் உடையத்தான் செய்தது.

பூசை முடிந்ததும் அக்கா திருநீற்றுத் தட்டோடு ஒவ்வொருவரிடமும் வருவார். நான் மெல்லத் தலையசைப்பேன்; தட்டு அடுத்தவரிடம் போய்விடும். அந்தத் திருநீறு ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் வரும். அக்கா அதை ஒரு ஜாம் போத்தலில் அடைத்துவைத்துச் சிக்கனமாக எடுப்பார்.

பிறம்ரனிலிருந்து காரில் வரும் எஞ்ஜினியர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அங்கிள். ஒரு வெள்ளி நான் தலையசைத்ததைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"பூசாதவர் பூசைக்கு ஏன் வாறார்? சோத்துக்கோ?"

சிலர் சிரித்தார்கள். சொன்னது உண்மைதான். அக்காவின் முகம் சிறுத்துப்போனது. எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. இந்த வீட்டுக் கதவும் மூடிவிட்டால் பகலெல்லாம் வேலைத்தலத்து இங்கிலிஷ், அறைக்கு வந்தால் நாலு சுவர்.

அடுத்த வெள்ளி ஒரு முடிவோடு போனேன். ஒரு சிட்டிகை சாம்பல்தானே. அதற்காக அக்கா என்னால் தலைகுனிய வேண்டுமா? தட்டு வந்ததும் விரலால் தொட்டு நெற்றியில் இழுத்தேன். அங்கிள் என் முதுகில் தட்டினார்.

"இப்பதான் நல்ல பிள்ளை."

எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா மட்டும் தட்டைச் சட்டென்று அடுத்தவரிடம் நகர்த்தினார்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

"நம்பிக்கை வந்திட்டுதோ, தம்பி?"

"இல்லை அக்கா. உங்களுக்காகத்தான்."

"எனக்காகவோ?" அவ்வளவு கோபத்தில் நான் அவரைக் கண்டதில்லை. "நான் கும்பிட்டு எடுத்துத் தாற சாமான் அது. ஆக்களுக்குக் காட்டுறதுக்குப் பூச உது என்ன, பவுடரே?"

சிங்க்கில் கிடந்த துணியை நனைத்துப் பிழிந்து நீட்டினார். துடைத்துக்கொண்டேன்.

நான் விட்டுக்கொடுத்தேன் என்றல்லவா நினைத்திருந்தேன்! என் நம்பாமையோடு அவருடைய நம்பிக்கையையும் சேர்த்து மலிவாக்கியிருக்கிறேன் என்பது நெற்றி ஈரம் காய்வதற்குள் விளங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. இனி இந்தப் படி ஏற முடியாது என்று நினைத்தேன். வாசலில் கழற்றிவைத்த சப்பாத்தை எடுப்பதற்குக் கூடத்தைக் கடந்துதான் போகவேண்டும்.

வெறும் நெற்றியோடு நான் வெளியே வந்ததை அங்கிள் கண்டுவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னால் அக்காவின் குரல்.

"இவர் பூசமாட்டார்."

ஒருவருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்று சொல்வதைப் போல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"பிறகேன் வாறார்?" என்றார் அங்கிள்.

"சோத்துக்குத்தான். நான்தான் வரச் சொன்னனான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் ஏன் நிக்கிறீர்? இரும்."

அன்றைக்கு முதல் சோறு எனக்குத்தான் போட்டார்.