தங்கை திருத்திய பதில்

நாலு வருடம் இருக்கும். சின்னமனூரில் எங்கள் பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா கூடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த பிறகு நடந்தது இது.

என் தங்கை குலா கேட்டு ஜமாத்தில் மனு கொடுத்திருந்தாள். கணவன் தலாக் சொல்வதுபோல, மனைவி தன் பக்கமிருந்து மணவிலக்குக் கேட்பதுதான் குலா. அவள் கணவர் கை நீட்டுகிற ஆள். இரண்டு முறை சமாதானம் பேசி, "அனுசரிச்சுப் போம்மா" என்று பஸ் ஏற்றி விட்டவன் நான்தான். இரண்டாவது முறை மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டோடு திரும்பி வந்தாள்.

எங்கள் ஜமாத்தில் பெண்கள் தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்வார்கள். வீட்டு ஆண் ஒருவர் உள்ளே போய் அவர்கள் பதிலைக் கேட்டு வந்து சபையில் சொல்ல வேண்டும். அன்று அது என் வேலை. ஓடைப்பட்டித் திராட்சையைக் கேரளாவுக்கு லோடு அனுப்புகிறவன் நான். தினமும் நாலு பேரிடம் பேசி, வாங்குகிறவனையும் விற்கிறவனையும் சிரிக்க வைப்பதுதான் பிழைப்பு. நமக்குப் பேசத் தெரியும் என்ற மிதப்பு வேறு.

"புள்ள முடிவா என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு வாங்க" என்றார் ஜமாத் தலைவர். உள்ளே போனேன்.

"இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன். கல்யாணத்தப்ப மஹரா அவுக போட்ட சங்கிலியத் திருப்பிக் குடுத்துர்றேன். எனக்குக் குலா வேணும். இத அப்படியே சொல்லுங்கண்ணே" என்றாள் தங்கை.

வெளியே வந்தால் மாப்பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். சபை முழுக்க என்னையே பார்க்கிறது. குடும்ப மானம் போய்விடுமே என்று தோன்றியது. "மாப்பிள்ள இனி கை நீட்ட மாட்டேன்னு வாக்குக் குடுத்தா, யோசிக்கிறேன்னு சொல்றா" என்று சொல்லிவிட்டேன்.

"நான் அப்படிச் சொல்லல" என்று துணிக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "அது எங்க அண்ணனோட பதில்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒரு பெரியவர், "ஏலே, உன் தங்கச்சிய அமைதியா இருக்கச் சொல்லு" என்று என்னை அதட்டினார்.

அவள் அசரவில்லை. "கல்யாணத்தன்னைக்கு எங்கிட்டதான சம்மதம் கேட்டீக? அன்னைக்கு என் வாயால சொன்னது செல்லும்னா, இன்னைக்கும் செல்லணும்ல. குலா கேக்குறது மார்க்கம் எனக்குக் குடுத்த உரிமை. இல்லன்னா ஹஜ்ரத் சொல்லட்டும்."

எல்லோரும் எங்கள் இமாமைத் திரும்பிப் பார்த்தோம். ஹஜ்ரத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "புள்ள சரியாத்தான் சொல்லுது. நபிகளார்கிட்டயே பெண்கள் நேர்ல வந்து கேட்டிருக்காக. நடுவுல ஆள் வச்சது நாமதான்."

அதன்பிறகு தலைவர் அவளிடமே கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவளே நிதானமாகப் பதில் சொன்னாள். கடைசியில் கணவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த எனக்கு, இவள் என் தங்கை என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

வெளியே வந்ததும், "எம்மேல கோபமா?" என்று கேட்டேன்.

"கோபந்தான். மொதல்ல ஒரு டீ வாங்கிக் குடுங்க" என்றாள்.

இப்போது எங்கள் ஜமாத்தில் பெண்கள் தங்கள் பேச்சைத் தாங்களே பேசுகிறார்கள். மனு எழுத வேண்டுமென்றால் முதலில் என் தங்கையைத் தேடித்தான் வருகிறார்கள். அன்று என் பேச்சு எடுபட்டிருந்தால் அவள் மூன்றாம் முறையாக அந்த வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது; சபை நடுவே என்னைப் பொய்யன் ஆக்கித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டவளுக்கு அண்ணன் என்பதைவிட எனக்குப் பெரிய பெருமை எதுவும் இல்லை.