அவள் பெயரில் இருந்த அக்கவுண்ட்

தேயிலைத் தோட்ட ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்று காலையிலிருந்தே என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஈப்போவிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர்காரர் பழையதையும் புதியதையும் ஒரே மேசையில் வைத்து ஒயரை மாட்டினார்.

"நாலு மணிக்கெல்லாம் நான் மலை இறங்கிடணும் சிஸ்டர். பழசையும் கையோட எடுத்துக்கிட்டுப் போயிருவேன். என்னென்ன மாத்தணுமோ இப்பவே சொல்லிடுங்க."

பழைய கம்ப்யூட்டரில் மூன்று அக்கவுண்டுகள் இருந்தன. ஒன்று மேனேஜருடையது, ஒன்று என்னுடையது. மூன்றாவது, எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் தலைமைக் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவளுடையது. முதல் இரண்டும் மத்தியானத்துக்குள் புதியதற்குப் போய்விட்டன. மூன்றாவது பாஸ்வேர்டு கேட்டது.

"உடைச்சும் உள்ள போலாம். ஆனா அவங்க தனியா பூட்டி வச்ச ஃபைல் எதுவும் அப்புறம் திறக்காது லா" என்றார் அவர்.

எனக்கு வேண்டியது அப்படிப் பூட்டி வைத்த ஒன்றுதான். ஜன்னலுக்கு வெளியே, கொழுந்து வெட்டும் அக்கா ஒருவர் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியும் அவரிடம் இருப்பது, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை. இங்கேதான் பிறந்தார் என்பதற்கு ஒரே அத்தாட்சி, அந்தக் காலத்தில் தோட்டத்து மருந்தகத்தில் எழுதிக்கொடுத்த ஒரு கடிதம். போன மழையில் கூரை ஒழுகி அது கூழாகிவிட்டது. மறுநாள் காலை பதிவு இலாகாவில் அவருக்குக் குடியுரிமை நேர்காணல். அந்தக் கடிதத்தை, எனக்கு முன்னால் இருந்தவள் ஸ்கேன் செய்து வைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

"சூராட்டு கிடைச்சிருச்சாம்மா?"

"கடிதத்தத் தேடிக்கிட்டுதான் இருக்கோம்க்கா."

அவள் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தேன். வண்டி நம்பரைப் போட்டேன். அவள் வளர்த்த பூனையின் பெயரைப் போட்டேன். "இன்னும் ரெண்டு தடவை தப்பாப் போட்டா மொத்தமா லாக் ஆயிரும்" என்று கம்ப்யூட்டர்காரர் கீபோர்டை என் கையிலிருந்து நகர்த்தினார்.

போன் செய்து கேட்டால் முடிகிற காரியம். ஆனால் நாங்கள் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள், ஒன்றாகப் பள்ளி பஸ் ஏறியவர்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பெர்மிட் ஃபைல் ஒன்று காணாமல் போனபோது, அவள்தான் தொலைத்தாள் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார். அந்த ஃபைலை முந்தின நாள் அவரே காரில் எடுத்து வைத்ததை நான் பார்த்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள் வேலையை விட்டாள். அவளுடைய நாற்காலி எனக்கு வந்தது.

வாட்ஸ்அப்பில் நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்தேன். வாசலுக்குப் போய்த் திரும்பினேன். கடைசியில் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மோட்டாரைக் கிளப்பினேன்.

தானா ராத்தா டவுனுக்குப் போகிற சாலை முழுக்க ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள். காய்கறி லோரிகளுக்கு நடுவில் நுழைந்து நுழைந்து போனேன். அவள் ஒரு ஹோட்டல் கவுண்டரில் வேலை செய்கிறாள் என்று தெரியும். நான் உள்ளே போனபோது ஒரு குடும்பத்துக்கு மலாயில் அறைச் சாவியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் அவள் குரல் மாறவில்லை. அவர்கள் லிஃப்டில் ஏறும்வரை காத்திருந்தாள்.

"என்னடி?"

"உன் பாஸ்வேர்டு வேணும்."

"ரெண்டு வருசமா ஒரு கால் பண்ணல. பாஸ்வேர்டுக்குத்தான் வந்தியா?"

பொய் சொல்ல நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. "ஆமா" என்றேன்.

யாருக்காக என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது. பேனாவை எடுத்தாள், ஒரு தாளை இழுத்தாள், இரண்டெழுத்து எழுதினாள், நிறுத்தினாள்.

"அலமாக், மறந்துட்டேன்டி. தினம் காலைல கை தானா அடிச்சிட்டுப் போகும். என்ன எழுத்துன்னு யோசிச்சதே இல்ல."

"அப்ப வா. நீயே வந்து அடி."

அந்த ஆபீஸ் படியை இனி மிதிக்க மாட்டேன் என்று அவள் தன் அம்மாவிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். கவுண்டரில் கூட இருந்தவளிடம் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். என் தோளைப் பிடிக்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். கம்ப்யூட்டர்காரர் பழைய கீபோர்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டிருந்தார். புதியதில் அடித்தாள். தப்பு. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

"இது என் கீபோர்டு இல்ல. பழசைக் குடுங்க" என்றாள்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே பழையதை எடுத்து மாட்டினார். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே நின்ற அக்காவிடம், "மகளுக்குக் குழந்தை பொறந்துருச்சாக்கா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் அடித்து முடித்திருந்தன. திரை திறந்தது.

கடிதம் கிடைத்தது. இரண்டு நகல் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தோம். அந்த அக்கா என் கையை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மற்ற ஃபைல்கள் புதியதற்குப் போக ஆரம்பிக்கும் முன் அவள் ஒரு ஃபோல்டரை மட்டும் அழித்தாள். என்ன என்று நான் கேட்கவில்லை. என்னைப் பற்றி ஏதோ எழுதி வைத்திருந்தாள் என்றே என் மனம் அடித்துச் சொன்னது. பச்சைக் கோடு நகர்ந்த அரைமணி நேரமும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

"இந்த அக்கவுண்டப் புதுசுல வைக்கவா, எடுத்துறவா?" என்று கம்ப்யூட்டர்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எடுத்துருங்க" என்றாள் அவள்.

அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். ஹோட்டல் வாசலில் இறங்கி, தலைமுடியைச் சரி செய்துகொண்டு, "அன்னைக்கு நீ வாயத் திறந்திருக்கலாம்" என்றாள்.

"ஆமா. காருல வச்சத நான் பார்த்தேன்."

"நீ பார்த்தேன்னு எனக்குத் தெரியும்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பதிவு இலாகாவில் நகலை வாங்கிக்கொண்டு, பதில் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்களாம். அந்த அக்கா காத்திருக்கிறார். புதுக் கம்ப்யூட்டர் சட்டென்று திறக்கிறது. வேலைக்கு ஒரு குறையும் இல்லை. நான்தான் அதன் முன்னால் நிலையாக இருக்க முடியாமல் எழுந்து எழுந்து நடக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எந்தக் காரியமும் இல்லாமல் அந்த ஹோட்டலுக்குப் போனேன். அவளுக்கு மத்தியான ஷிஃப்ட், இனிமேல்தான் வருவாள் என்றார்கள். எதிரே இருந்த கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன்.