நான்கு தொட்டி, ஒரே வழி

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள் எதை எடுத்துப்போக வேண்டும், எதை விட்டுப்போக வேண்டும் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. ஆனாலும் விட்டுப்போகிற பொருட்களில் ஓர் ஒழுங்கு தெரியும். விளிம்பு உடைந்த கண்ணாடி, துரு ஏறிய கொடிக்கம்பி, போன வருட நாட்காட்டி, தொட்டிச் செடி, பூனை. நாயைப் பெரும்பாலும் கொண்டுபோய்விடுவார்கள். பூனை வீட்டோடு ஒட்டியது, ஆளோடு ஒட்டியது அல்ல என்றொரு நம்பிக்கை இருப்பதால் அதை விட்டுப்போவதில் உறுத்தல் குறைவு. வசதியான நம்பிக்கையைச் சரிபார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை.

காலியான வீட்டுக்குள் முதலில் நுழைகிறவர்களில் ஒருவர் கொளஞ்சிநாதன். கான்ட்ராக்டில் பிளம்பர். அடுத்த குடும்பம் வருவதற்குள் குழாய் மாற்றி, ஒழுகும் தொட்டியை அடைத்து, சாக்கடை அடைப்பை எடுத்துவிட வேண்டும். கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர். அப்பா வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இவர் பதினெட்டு வயதில் குழாய் முடுக்கும் சாவியைப் பிடித்தவர். 2016இல் அவருக்கு நாற்பத்தாறு. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. மனைவி தனம் அந்த வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தார். டவுன்ஷிப் பெண்கள் பலருக்கு ஜாக்கெட் அவர் கையால்தான்.

காலி வீடுகளில் கண்ட பூனைகளில் நான்கை, வெவ்வேறு வருடங்களில், கொளஞ்சிநாதன் சாமான் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். எந்த பிளாக்கில் கிடைத்ததோ அதுவே பெயர். முதலில் வந்தது எட்டு, தலை பெருத்த கறுப்புக் கடுவன் பூனை. அடுத்தது பதினாறு, அதற்கடுத்தது இருபது. இரண்டும் சாதுவான கடுவன்கள். மூன்றுக்கும் கால்நடை மருத்துவமனையில் கருத்தடை ஆபரேஷன் செய்தாயிற்று. கடைசியாக 2016 ஆனி மாதம் வந்தது மூணு. வெள்ளையில் மஞ்சளும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்த பெண் பூனை. வரும்போதே அதன் வயிற்றில் தையல் தழும்பு இருந்தது. செலவு செய்து ஆபரேஷன் பண்ணியவர்கள்தான் அதை விட்டுப்போயிருக்கிறார்கள். அக்கறைக்கும் ஒரு முடிவுத் தேதி இருக்கும் போலிருக்கிறது.

இதைக் கேட்டதும் கொளஞ்சிநாதனை இரக்கமுள்ளவர் என்று சொல்லத் தோன்றும். எனக்கு அவ்வளவு சீக்கிரம் சொல்ல வரவில்லை. ஒரு பூனையைப் பையில் வைத்துத் தூக்கிவரக் கால் மணி நேரம் போதும். அதற்குப் பிறகான வருடங்கள், அதாவது சோற்றில் கருவாடு பிசைவது, வாந்தி துடைப்பது, மணல் மாற்றுவது எல்லாம் தனத்தின் வேலையாக இருந்தது. இரக்கப்படுகிறவர் ஒருவரும் அதற்கு உழைக்கிறவர் இன்னொருவருமாக இருக்கும்போது நல்ல பெயர் முதலாமவரிடம் போய்விடுகிறது.

மணல் தொட்டிகளை மட்டும் அவரே செய்தார். இரண்டு நீல பிளாஸ்டிக் டிரம்களை நெடுக்குவாட்டில் பிளந்து, விளிம்பைத் தேய்த்து, நான்கு தொட்டி. பூச்சு வேலை நடக்கிற இடத்தில் மிஞ்சும் சலித்த மணலைக் கொண்டுவந்து நிரப்புவார். சமையலறையைத் தாண்டினால் குளியலறைக்குப் போகிற மூன்றடி அகல நடை ஒன்று உண்டு. அதில் சுவரோரம் நான்கையும் நூல் பிடித்தாற்போல் வரிசையாக வைத்தார். பிளம்பர்கள் முதலில் கற்றுக்கொள்வது அதுதான். தண்ணீர் சம்பந்தப்பட்டதையெல்லாம் ஒரே சுவரில் சேர்த்துவிட வேண்டும். பைப் மிச்சம், கழுவவும் சுலபம்.

மூணு வந்த இரண்டாவது வாரம் வாசல் கால்மிதி ஈரமாக இருந்தது. பிறகு வெட்டுத் துணி மூட்டை. பிறகு, ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, கமலாவின் ஜாக்கெட் துணி.

கமலா டவுன்ஷிப்பில் இருபத்தோராம் பிளாக். கணவர் மைன்ஸில் பெர்மனன்ட். மகள் வளைகாப்புக்கு எடுத்த பட்டுப் புடவையிலிருந்தே வெட்டிய துணி அது. வேறு எங்கும் போய் அதே துணி வாங்க முடியாது. மெஷினுக்குக் கீழே இருந்த கூடையில் தனம் மடித்து வைத்திருந்தார். காலையில் எடுத்தபோது அதில் பூனை மூத்திர வாடை.

தனம் உடனே கமலாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னார். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

"என்ன தனம் இப்படிச் சொல்றீங்க? அது பட்டு" என்றார் கமலா. "சரி, அலசி என்ன பண்ணணுமோ பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன். வாடை இருந்துச்சுன்னா நான் என்ன செய்யறது, நீங்களே சொல்லுங்க. ஏற்கெனவே எங்க பிளாக்ல ரெண்டு பேர், தனம் வீட்ல ஒரு மாதிரி ஸ்மெல் வருதேன்னு கேட்டாங்க."

போனை வைத்ததும் தனம் கணவரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இங்க வாங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள இது நிக்கல, அந்த மூணு இந்த வூட்டுல இருக்கக் கூடாது."

"எங்க கொண்டுபோயி வுடறது?"

"எங்க இருந்து கொண்டாந்தீங்களோ அங்க."

"அங்க புதுசா ஆளு வந்துட்டாங்க தனம்."

"அப்ப எனக்கு மெஷின வித்துட்டு வேற வேல பாத்துக் குடுங்க. பூனைங்கள வெச்சிக்கினு நீங்க நிம்மதியா இருங்க."

 

செவ்வாய்க்கிழமை கொளஞ்சிநாதன் வீடு முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவினார். மூணு மறுபடியும் வெட்டுத் துணி மூட்டையில் போய்விட்டு வந்தது. மணல்தான் பிடிக்கவில்லையோ என்று, சாம்பல் செங்கல் செய்கிற இடத்திலிருந்து ஒரு மூட்டை அனல் மின் நிலையச் சாம்பல் கொண்டுவந்து தொட்டிகளில் நிரப்பினார். மாவு போன்ற சாம்பல். பூனைகள் அதில் இறங்கி ஏறி வீட்டைச் சுற்றின. சாயங்காலம் தனம் வெட்டி வைத்திருந்த வெள்ளை லைனிங் துணி முழுவதும் சாம்பல் நிறத்தில் பாதங்கள்.

"ரொம்ப நல்லா இருக்குது. பிரிண்டு போட்ட துணின்னு குடுத்துடட்டுமா?" என்றார் தனம்.

கொளஞ்சிநாதனோடு வேலை செய்யும் கொத்தனார் ராஜாங்கத்திடம் வழி எளிதாக இருந்தது. "சாக்குல கட்டி மைன்ஸ் ரோட்டுல வுட்டுட்டு வா. நாலுல ஒண்ணு கொறஞ்சா இன்னா, எவனாச்சும் ரெஜிஸ்டர்ல ஆப்சென்ட் போடப் போறானா?"

"நீ போயி வுட்டுட்டு வா."

"எனுக்கெதுக்கு அந்தப் பாவம்? பூனை உன்னுது."

புதன்கிழமை மூணைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கறவை மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே ஒரு மணி நேரம் காத்திருந்தார். மருத்துவர் முப்பது வயதுப் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தார், மூத்திரம் எடுத்துச் சோதித்தார். எரிச்சலோ கல்லோ இல்லை என்றார்.

"சுவத்துல நின்னுகிட்டு பீய்ச்சுதா, உக்காந்து போகுதா?"

"உக்காந்துதாங்க. துணி குளம் மாதிரி நனஞ்சி கெடக்குது."

"அப்ப வாடை வெச்சு இடம் பிடிக்கிற வேலை இல்ல. அதுக்கு மூத்திரம் போகணும், போக எடம் கெடைக்கல. எத்தன தொட்டி வெச்சிருக்கீங்க?"

"நாலுங்க. ஒரு பூனைக்கு ஒண்ணு." கொளஞ்சிநாதன் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

"இன்னொண்ணு கூட வெச்சா நல்லது. ஆனா எண்ணிக்கை மட்டும் இல்ல. ஒரு நாள் முழுக்க வீட்ல உக்காந்து, அது எங்க போகுது, எங்க போகாம திரும்புதுன்னு பாருங்க. அப்புறம் பினாயில் ஊத்தாதீங்க. அது நம்ம மூக்குக்குத்தான் மறைக்கும், பூனைக்கு மறைக்காது. தண்ணில வினிகர் கலந்து துடைங்க."

வெள்ளிக்கிழமை கொளஞ்சிநாதன் வேலைக்குப் போகவில்லை. காலை ஏழு மணிக்குச் சமையலறையில் ஒரு முக்காலியைப் போட்டு, நடையின் வாய் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். தனம் அவரைச் சுற்றிச் சுற்றிச் சமைத்தார். "செக்யூரிட்டி வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் கேட்கவில்லை.

குளியலறைத் தண்ணீர் பட்டுக் குளிர்ந்திருக்கும் சிமெண்ட் தரையில், நடையின் வாயை அடைத்தாற்போல் எட்டு படுத்திருந்தது. ஒன்பது மணிக்கு மூணு முன்னறையிலிருந்து வந்தது. சமையலறை நிலைப்படியில் நின்று எட்டைப் பார்த்தது. எட்டு சீறவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. வாலை ஒரு முறை தரையில் தட்டியது, அவ்வளவுதான். மூணு திரும்பிப் போனது. பத்தரைக்கு மறுபடி வந்து நின்றது, போனது. இடையில் எட்டு சோறு தின்னப் போனபோது பதினாறும் இருபதும் ஒன்றன்பின் ஒன்றாக நடைக்குள் போய்விட்டு வந்தன. அவை அந்த நேரத்தைக் கற்றுவைத்திருந்தன. புதிதாக வந்த மூணுக்கு அது தெரியவில்லை. பதினொன்றரைக்கு மூன்றாம் தடவை வந்து, அடுப்படியோரம் சற்று நேரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. பிறகு முன்னறைக்குப் போய், மெஷினுக்குக் கீழே கிடந்த மெத்தென்ற துணிக்குவியலில் ஏறி, முன்னங்காலால் இரண்டு தடவை கீறிவிட்டு உட்கார்ந்தது.

பின்னாலேயே வந்த கொளஞ்சிநாதன் அதை விரட்டவில்லை.

நான்கு குழாய் வைத்து நான்கையும் ஒரே வால்வில் இணைத்தால், அந்த வால்வை மூடும்போது வீட்டில் ஒரு குழாயும் இல்லை. இது அவருக்குத் தெரிந்த விஷயம். இருபத்தெட்டு வருடத் தொழில் அறிவு. ஆனால் அறிவு எப்போதும் தான் பழகிய இடத்திலேயே நிற்கிறது. பக்கத்து அறைக்கு அதை யாராவது கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. தொட்டிகளை ஒரே சுவரில் அடுக்கியதும் அந்தத் தொழில் அறிவுதான் என்பதை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

"தனம், அது கெட்ட பழக்கம் இல்ல. எட்டு வழியில படுத்துக்கினு வுட மாட்டேங்குது."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"அது அங்க படுத்துக்கினு கெடக்கறதும், இது வந்து வந்து பாத்துட்டுப் போறதும். தெனமும் அந்த நடையில நான்தான மணல் மாத்தறன். நீங்க வேலைக்குப் போனப்புறம் இந்த வூட்டுல நடக்கறத நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க?"

"சொல்லவே இல்லயே."

"நீங்க கேட்டீங்களா? பினாயில் வாங்கினு வந்தீங்க. சாம்பல் வாங்கினு வந்தீங்க. டாக்டரம்மாவப் போயி கேட்டீங்க."

கொளஞ்சிநாதன் சுவரோரங்களைக் கண்ணால் அளந்தார். பிறகு, ஒரு தொட்டியை முன்னறையில் வாசற்கதவுக்குப் பின்னால் வைக்கலாமா என்று கேட்டார்.

"கஸ்டமர் செருப்பு வுடற எடத்துலயா? நல்லா இருக்கும்." தனம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அது எங்க போவுதோ அங்க வைங்க. மெஷினுக்குப் பக்கத்துல, சுவரோரமா. எட்டு அந்தப் பக்கம் வர்றதில்ல, மெஷின் சத்தம் அதுக்கு ஆவாது. துணிய நான் மேல எடுத்து வெச்சிக்கறன். ஆனா ஒண்ணு. என் மூக்குக்குக் கீழ வைக்கறீங்க. காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னால ஒரு தடவ, வந்தப்புறம் ஒரு தடவ, நீங்கதான் அள்ளணும். மறந்துட்டேன்னு சொன்னீங்கன்னா தொட்டியும் வெளிய, பூனையும் வெளிய."

"இருக்கறதுலருந்து ரெண்டு எடுத்தா போதுமா?"

"ஒண்ணு இங்க. ஒண்ணு நடுவூட்டுல கட்டிலுக்குப் பின்னால. அந்த நடைல ரெண்டு கெடக்கட்டும். டாக்டரம்மா சொன்ன அஞ்சாவது அப்புறம் பாத்துக்கலாம்."

அன்றே சாம்பலைக் கொட்டிக் கழுவி, சலித்த மணல் நிரப்பினார். தனம் நனைந்த துணிக்குவியலில் ஒரு துண்டை எடுத்துப் புதுத் தொட்டியின் மணல்மேல் ஒரு மணி நேரம் போட்டுவைத்தார். அதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. முகர்ந்து பார்த்து அது தன் இடம் என்று பூனை தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர் கணக்கு. பட்டுத் துணியை வினிகர் கலந்த நீரில் இரண்டு தடவை அலசி நிழலில் காயவைத்து, இரவுக்குள் தைத்தும் முடித்தார்.

சனிக்கிழமை புதுத் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்த மூணு, கால்மிதியில்தான் போனது. தனம் கால்மிதியைக் கழுவினார். கொளஞ்சிநாதன், மூணை மருத்துவமனைக்குக் கொண்டுபோன கூடையைப் பரண்மேலிருந்து இறக்கித் தூசி தட்டி வாசலோரம் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கமலா வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஜாக்கெட்டை விரித்தார். கையை, கழுத்தை, முதுகுப்பட்டையைத் தனித்தனியாக மூக்கருகே கொண்டுபோனார். பிறகு உள்பக்கம் திருப்பி மறுபடியும் முகர்ந்தார். தனம் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். நூல் இரண்டு தடவை தவறியது.

"ஊறுகாய் வாடை லேசா வருது" என்றார் கமலா.

"வினிகருங்க. வெயில் படாம காத்துல போட்டா போயிடும்."

"அது வரலாம். அது பரவாயில்ல."

அப்போது மூணு நடுவீட்டிலிருந்து வந்தது. கமலாவின் கால்களைத் தாண்டி, மெஷினைச் சுற்றிச் சுவரோரம் போனது. தனம் தலையைத் திருப்பவில்லை. மணலைப் பறிக்கிற சத்தம் கேட்டது. சிறிது நேரம் ஒன்றுமில்லை. மறுபடி மணலைத் தள்ளி மூடுகிற சத்தம்.

"என்ன அது?" கமலா குனிந்து பார்த்தார்.

"பூனைங்க. தொட்டில போவுது."

"துணில போனது இதுவா?"

"இதேதாங்க."

கமலா இன்னும் கொஞ்சம் குனிந்து, மூடிய மணல் மேட்டைப் பார்த்தார். "முப்பது வருஷமா எங்க வீட்டுக்காரர் பாத்ரூம்ல தண்ணி ஊத்தாமதான் வர்றார். இது மூடி வெச்சுட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து இன்னும் இரண்டு ஜாக்கெட் துணிகளை எடுத்தார். கொடுக்கும் முன் ஒரு கணம் கை நின்றது. "மேல வெச்சுக்கோங்க" என்றார்.

தனம் அவற்றை வாங்கிச் சுவர் அலமாரியின் மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏங்க, வந்து அள்ளிட்டுப் போங்க. வாசல்ல இருக்கற கூடைய எடுத்து மேல போடுங்க, வர்றவங்க கால்ல தடுக்குது."