ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவர்கள்

கரும்புத் தோட்டத்தில் நான் மாரடைப்பு வந்து விழுந்து, பிழைத்து வீடு திரும்பி இரண்டு மாதமாகிறது. இன்னும் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வருகிறார்கள். வருகிறவருக்கெல்லாம் விழுந்த கதையைச் சொல்ல வேண்டும். சொல்லும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கிறது, வேர்க்கிறது.

கள்ளக்குறிச்சி டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "ரத்தக் கொழாய்க்குள்ள வீக்கம் இன்னும் கொறையல. பயந்துக்கினே இருந்தா மாத்திரை மட்டும் பத்தாதுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால் மாமா உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னா மாப்ள, எப்டி வந்துச்சி? மொதல்லருந்து சொல்லு."

"சொன்னா மறுபடி வந்துடும்போல இருக்கு மாமா. வேற எதனா பேசுங்க."

கொஞ்சம் யோசித்தார். "எஞ் சகலனுக்கும் இப்டித்தான். ரெண்டாவது வாட்டி வந்துச்சி, போய்ட்டான்."

எழுந்து செருப்பை மாட்டினேன். இனி யார் வந்தாலும் நான் வீட்டில் இல்லை என்று மனைவியிடம் சொன்னேன். மாமாவுக்குக் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.